அஞ்சு நிமிஷ நிறுத்தம்

வேகமாப் போனாலும் ஜெயிக்க முடியாது, மெதுவாப் போனாலும் ஜெயிக்க முடியாது, எவ்வளவு நேரத்துல போகணும்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க. இப்படி ஒரு போட்டியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ, எங்க வர்ஜீனியாப் பக்கம் அக்டோபர் வந்துட்டா ஊரே இதுக்குப் பைத்தியம் பிடிச்சு அலையும். பேரு ஹண்டர் பேஸ். நரி வேட்டைக் கிளப்புக்காரங்க காடு, வயல், ஓடைன்னு ஏழெட்டு மைலுக்குப் பாதை போட்டு வைப்பாங்க. ரெண்டு மூணு பேரா சேர்ந்து குதிரையில போகணும். நல்ல வேட்டை நாள்ல குதிரை எவ்வளவு வேகமாப் போகுமோ, அந்தக் கணக்குல ஒரு நேரம் குறிச்சு, உறையில போட்டு ஒட்டிடுவாங்க. அந்த நேரத்துக்கு ரொம்பக் கிட்ட வர்ற கூட்டத்துக்கு நீல ரிப்பன்.

எனக்கு ரிப்பன் ஒரு மண்ணும் வேண்டாம். எனக்கு வாலஸ் வேணும். அதுக்காகத்தான் நாப்பத்தாறு வயசுல முதல் தடவையா அந்தக் கூத்துக்குப் போனேன்.

என் பேரு ராக்ஸேன். வாரத்துல அஞ்சு நாள் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். சனி ஞாயிறு மிஸ் அகஸ்டாவோட லாயத்துல லத்தி அள்ளுறேன். அள்ளுறதுக்குப் பதிலா அங்க இருக்கிற குதிரையில ஏறிக்கலாம், அதுதான் ஏற்பாடு. மிஸ் அகஸ்டாவுக்கு அறுபத்தெட்டு வயசு. நடக்கிறப்ப இடுப்பு வலின்னு முனகுவா, குதிரை மேல உக்காந்துட்டா ஆணி அடிச்ச மாதிரி இருப்பா. இந்த வட்டாரத்துல அவ பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

வாலஸ் செவலை. பந்தயத்துல ஓடி, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தள்ளிவிட்ட குதிரை. மூணு வருஷத்துக்கு முன்னாடி மிஸ் அகஸ்டா கொண்டு வந்தா. தனியா இருந்தா தங்கம். நாலு குதிரை பக்கத்துல ஓடுச்சுன்னா போச்சு, நாலுகால் பாய்ச்சல்ல கிளம்பிடுவான், நிறுத்த யாராலயும் முடியாது. மிஸ் அகஸ்டா அவன் வாய்க்கு ஒரு கடிவாள இரும்பு போட்டுப் பார்த்தா, அதைவிடக் கொடுமையான இன்னொரு இரும்பு போட்டுப் பார்த்தா. இன்னும் மோசமாத்தான் ஓடினான்.

ஏன்னு நான்தான் கண்டுபிடிச்சேன். பந்தயக் குதிரைக்குக் கடிவாள வாரை இறுக்கிப் பிடிச்சா 'ஓடு'ன்னு அர்த்தம். சின்ன வயசுல இருந்து அப்படித்தான் பழக்கியிருக்காங்க. பயந்து போய் நாம இழுக்க இழுக்க, அவன் நல்ல பிள்ளையா இன்னும் வேகமா ஓடுறான். வாரைத் தளர்த்தி விட்டு, மூச்சை வெளிய விட்டு, பிடரியில ஒரு கையை வச்சா பத்தடியில நின்னுடுவான். ஓடுற குதிரையில வாரை விடுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு ஏறிப் பார்த்தாத்தான் தெரியும். எனக்கு ஒரு கோடை முழுக்க ஆச்சு. இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மென்மையான இரும்புக்கு மாத்தினதாலதான் அடங்கிட்டான்னு மிஸ் அகஸ்டா நினைச்சா, நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஊர்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு சொந்தமா இருக்கு, எனக்கு அது இருந்துட்டுப் போகட்டுமே.

மார்ச் மாசம் மிஸ் அகஸ்டா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா, "ராக்ஸி, அக்டோபர் பேஸ்ல அவனைக் கூட்டத்தோட ஒரு சுத்து சுத்திக் கூட்டிட்டு வந்துடு. யாரையும் கீழ தள்ளாம வந்துட்டான்னா அவன் உன் குதிரை. பேப்பரை உன் பேருக்கே மாத்தித் தர்றேன்."

"நிஜமாவா மிஸ் அகஸ்டா?"

"நான் என்னைக்குடீ விளையாட்டுக்குப் பேசியிருக்கேன்?"

பேசினதில்லதான். அதனாலதான் நம்பித் தொலைச்சேன்.

பேஸ் அன்னிக்குக் காலையில குதிரை ஏத்துற டிரெய்லர் எல்லாம் நிறுத்துற புல்வெளியில போய் இறங்கினா, எங்க கூட்டத்துல மூணாவதா ஒரு அம்மா நிக்கிறா. மெரெடித்னு பேரு. வாஷிங்டன்ல வக்கீலாம். நாப்பது வயசு இருக்கும். பூட்ஸுல ஒரு சுருக்கம் கிடையாது. அவளோட குதிரை எல்சின்னு ஒரு குண்டு வெள்ளைப் பெட்டை, நின்ன இடத்துலயே தூங்கிட்டு இருந்துச்சு.

"இவங்க என் சிநேகிதி. சும்மா சுத்திப் பார்க்க வந்திருக்காங்க"ன்னு மிஸ் அகஸ்டா சொன்னா. மெரெடித் சிரிச்சுக்கிட்டே கை கொடுத்தா, வாலஸைப் பார்த்து "அப்பா, என்ன அழகு இவன்!"னா. எனக்குப் பெத்த பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி குளிர்ந்து போச்சு. முட்டாள் நான்.

நேரம் பார்க்கிறவர் எங்களைக் கிளப்பி விட்டார். முதல் அரை மைல் என் உயிர் என் கையில இல்ல. முன்னாடி ஒரு கூட்டம் போகுது, பின்னாடி ஒரு கூட்டம் வருது, வாலஸ் காதை முன்னாடி நீட்டி உடம்பெல்லாம் வில்லா வளைச்சு நிக்கிறான். என் விரல் தானா வாரை இறுக்கப் பார்க்குது. ராக்ஸி, விடுடீ, விடுன்னு எனக்கு நானே திட்டிக்கிட்டு விட்டேன். பிடரியில கை வச்சேன். பெருமூச்சு ஒண்ணு விட்டான் பாருங்க, என் தொடையில தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஆட்டம் எங்களோடது. முதல் கட்டைத் தடுப்பை வாசப்படி தாண்டற மாதிரி தாண்டினான். பின்னாடி வந்த ஒரு கூட்டம் முறைப்படி "முந்திக்கலாமா?"ன்னு கேட்டு வழி வாங்கிட்டுப் பக்கத்துலயே பறந்து போச்சு. என் பையன் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

"என்னடீ, பஸ் ஓட்டுற மாதிரியே ஓட்டுறே! அடுத்த வளைவுல கையைக் காட்டுவ போல"ன்னு மிஸ் அகஸ்டா பின்னாடி இருந்து கத்தினா.

"டிக்கெட் எடுத்துட்டீங்களா மிஸ் அகஸ்டா?"ன்னு நானும் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

பாதி வழியில கட்டாய நிறுத்தம். குதிரை மூச்சு வாங்கட்டும்னு எல்லாக் கூட்டமும் அஞ்சு நிமிஷம் நிக்கணும், அது கணக்குல சேராது. கிளப்புப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு கோப்பை ஆப்பிள் சாறும் டோநட்டும் கொடுத்தாங்க, குதிரைக்குப் பெப்பர்மின்ட் மிட்டாய். நான் இறங்கி வாலஸுக்கு மிட்டாய் ஊட்டிக்கிட்டு இருந்தேன். மெரெடித் எல்சியை நடத்திக்கிட்டே வந்தா.

"அப்ப மாத்திக்கலாமா?"

"எதை?"

"குதிரையை. முதல் பாதி நீங்க, ரெண்டாவது பாதி நான்னுதானே பேச்சு? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும்ல. ஆகஸ்ட்ல வந்து பார்த்ததுல இருந்து இவன் நினைப்பாவே இருக்கேன். என் லாயத்துல இடம்கூட ஒழிச்சு வச்சுட்டேன்."

மிஸ் அகஸ்டாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா சேணத்து வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிச்சு.

"மிஸ் அகஸ்டா, என்ன இது?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகல. ஏறிப் பார்க்கட்டுமே, என்ன குறைஞ்சு போகுது?"

"நீங்க எனக்கு வாக்குக் கொடுத்தீங்க."

"கத்தாதே. ஆளுங்க பார்க்கிறாங்க. இந்த வருஷம் வைக்கோல் என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியுமா? எல்லாக் குதிரையையும் தானம் பண்ணிட்டு நான் எங்க போய் நிக்கிறது?"

தானமாம்! ஏழு மாசம் அந்தக் குதிரையோட மாரடிச்சேன். ரெண்டு தடவை விழுந்து, ஒரு விலா எலும்பு விரிசலோட பஸ் ஓட்டியிருக்கேன். அடங்காத வரைக்கும் அது என் தலையில கட்டுற குதிரை, அடங்கின உடனே விக்கிற குதிரை. ஆகஸ்ட்ல பார்த்தாளாம். ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு மாசம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, "நல்லாப் பண்றே ராக்ஸி, நல்லாப் பண்றே"ன்னு முதுகைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கா. வேற ஆளுக்காக நான் ஊட்டி வளர்த்திருக்கேன்.

மெரெடித் ஒண்ணும் புரியாம எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பாவம், அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. இருந்தும் ஏறிட்டா. கால் வைக்கிற அங்கவடியை இறக்கி விட்டுக்கிட்டா. மேல உக்காந்து வாரைக் கையில எடுத்துட்டு, என்கிட்டக் குனிஞ்சு கேட்டா.

"நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா இவன்கிட்ட?"

நேரா கேட்டா. மரியாதையா கேட்டா. நான் அவ கையைப் பார்த்தேன். வாரை ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிப் பிடிச்சிருந்தா.

"ஒண்ணும் இல்ல. நல்ல குதிரை"ன்னேன்.

ஓடட்டும். இவளைத் தூக்கிட்டு ஒரு ஓட்டம் ஓடட்டும், பயந்து போய் வேண்டவே வேண்டாம்னு சொல்லிடுவா. அப்படித்தான் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு நல்லாவே இருந்துச்சு.

நான் எல்சி மேல ஏறிக்கிட்டேன், நேரம் பார்க்கிறவர் அனுப்பி விட்டார். ஓடை தாண்டி ஒரு சரிவு, அறுவடை முடிஞ்ச புல் வயல், கீழ ஒரு மரத் தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் பத்திருபது கஜத்துல தார் ரோடு. தடுப்புக்குப் பக்கத்துல கேட்டு இருக்கு, அங்க திரும்பிப் போகணும்னு அம்புக்குறி போட்டிருந்தாங்க. ரோடு அவ்வளவு கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. முதல் தடவைதானே.

பின்னாடி ஒரு கூட்டம் வழி கேட்டுட்டு முந்துச்சு. மூணு குதிரை, நல்ல வேகம். வாலஸ் தலையைத் தூக்கினான். மெரெடித் பயந்து இழுத்தா. அவன் கிளம்பிட்டான்.

அவ இன்னும் இழுத்தா. முதுகைப் பின்னாடி சாய்ச்சு, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தா. அவன் வயித்தைத் தரையில தேய்க்கிற மாதிரி பறந்தான். "வாரை விடு! விடு! விட்டுடு!"ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன், எல்சியை உதைச்சு உதைச்சுப் பார்த்தேன், அந்தக் குண்டச்சி ரெண்டு எட்டு வச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்க்குது. ரோட்டுல ஒரு லாரி போற சத்தம் கேட்டுச்சு. கடவுளே, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்னு அப்பத்தான் உறைச்சுது.

தடுப்பைத் தாண்டிட்டான். மெரெடித் தாண்டல. தடுப்புக்கு இந்தப் பக்கம் சேத்துல தோள் குத்தி விழுந்தா. வாய்ல இழுப்பு இல்லேன்னதும் வாலஸ் நாலே எட்டுல நின்னுட்டான். ரோட்டோரம் தலையைக் குனிஞ்சு புல்லைக் கடிக்க ஆரம்பிச்சான். அவன் பண்ணதுல ஒரு தப்பும் இல்ல. ஓடச் சொன்னாங்க ஓடினான், சொல்றதை நிறுத்தினாங்க நின்னான்.

மெரெடித்துக்கு எலும்பு ஒண்ணும் முறியல. தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து உக்காந்தா. மிஸ் அகஸ்டா வந்து அவளைப் பார்த்தா, குதிரையைப் பார்த்தா.

"போதும். எனக்கு இந்தச் சனியன் வேண்டாம். வியாழக்கிழமை ஏலத்துக்கு ஏத்திடறேன்."

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு வியாழக்கிழமை ஏலம்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. ஆளைத் தள்ளுற குதிரையை அங்க வாங்க ஒரே வகை ஆள்தான் வருவான். பெரிய லாரியோட வருவான், எடை பார்த்து வாங்குவான், கனடா எல்லை தாண்டி அறுக்கக் கொண்டு போயிடுவான்.

"அவன் மேல தப்பில்ல மிஸ் அகஸ்டா."

"பின்ன யாரு மேல தப்பு?"

நான் கேட்டைத் திறந்து போய் வாலஸைப் பிடிச்சுட்டு வந்தேன்.

மெரெடித் எல்சி மேல ஏறிக்கிட்டா. நான் வாலஸைக் கையில பிடிச்சு நடத்திக்கிட்டே வந்தேன். மூணு மைல். அவங்க ரெண்டு பேரும் எங்களுக்காக மெதுவா வந்தாங்க, மூணு பேரும் ஒண்ணாக் கோட்டைத் தாண்டினாத்தான் கணக்கு. வழி நெடுக நான் மிஸ் அகஸ்டாவை மனசுக்குள்ள கிழிச்சுத் தொங்கப் போட்டுக்கிட்டே வந்தேன். வாக்கு மாறினவ, கிழட்டு நரி, நெஞ்சுல ஈரமில்லாதவன்னு. எவ்வளவு திட்டியும் மெரெடித் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் மட்டும் காதுல இருந்து போகல. வாலஸ் அப்பப்ப மூக்கால என் பாக்கெட்டை முட்டி மிட்டாய் தேடினான்.

புல்வெளியில பெரிய பானையில பீன்ஸும் கறியும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டோட எல்லாரும் கூடி நிக்க, கிளப்புத் தலைவர் உறையைப் பிரிச்சார். "குறிச்ச நேரம் ஒரு மணி இருபத்திரெண்டு நிமிஷம். நாலே வினாடி வித்தியாசத்துல வந்தவங்க, அகஸ்டாவோட கூட்டம்!"

ஜனங்க கை தட்டினாங்க. விழுந்து, எழுந்து, அழுது, நடந்து வந்த நேரம்தான் நல்ல வேட்டைக் குதிரையோட சரியான நேரமாம். என்ன கொடுமைங்க இது! மிஸ் அகஸ்டா போய் நீல ரிப்பனை வாங்கிட்டு, "எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணோம்"னு ஜோக் வேற அடிச்சா, கூட்டம் சிரிச்சுது. எனக்கு அந்தப் பானையைத் தூக்கி அவ தலையில கவுக்கலாமான்னு இருந்துச்சு.

மெரெடித் என் பக்கத்துல வந்து நின்னா. முகத்துல இன்னும் சேறு. நல்லா இருக்கிற கையால என் தோளைத் தொட்டா.

"மிஸ் அகஸ்டா உங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தாங்கன்னு எனக்கு அங்க நிஜமாவே புரியல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன். எவ்வளவு உழைச்சிருக்கீங்க அவன் மேல. உங்களுக்குத்தான் இன்னிக்கு பெரிய நஷ்டம்."

அவ என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

"எனக்குத் தெரியும்"னேன்.

"என்ன தெரியும்?"

"வாரை இறுக்கினா ஓடுவான். பந்தயப் பழக்கம். தளர்த்தினா நின்னுடுவான். நீ கேட்டப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. வேணும்னுதான் சொல்லல. நீ பயந்து போய் வேண்டாம்னு சொல்லணும்னு." அப்புறம் மிஸ் அகஸ்டா பக்கம் திரும்பிக் கத்தினேன், தட்டோட நின்னவங்க எல்லாரும் கேக்கட்டும்னு. "கேட்டீங்களா? தப்பு யாரு மேலன்னு கேட்டீங்களே! என் மேல! குதிரை சொன்னதைக் கேட்டுச்சு, அவ்வளவுதான். அவனை லாரியில ஏத்தாதீங்க!"

மெரெடித் என் தோள்ல இருந்த கையை எடுத்துக்கிட்டா. முகம் வெளுத்துப் போச்சு.

"நான் உன்கிட்டக் கேட்டேன். உன் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்."

"ஆமா."

"அங்க ரோடு. நான் செத்திருப்பேன். எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. அவன் லாரியில அடிபட்டுச் செத்திருப்பான். இதுதான் நீ அவன் மேல வச்சிருக்கிற பாசமா?"

பழியைத் தூக்கி மிஸ் அகஸ்டா மேல போடப் பார்த்தேன். "உங்க வாக்கு என்னாச்சு? ஒரு சுத்து சுத்திக் கூட்டிட்டு வான்னீங்க, கூட்டிட்டு வந்தேன்ல?"

"பாதி வழி ஏறிப் போனே. மீதி வழி கையில பிடிச்சு நடத்திட்டு வந்தே"ன்னா அந்தம்மா, குரலை உயர்த்தாம. "யாரையும் கீழ தள்ளாமன்னு சொன்னேன். தள்ளினியா இல்லையா?"

அவ கேட்டது நியாயம்தான். அதுக்காக அவளை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னிக்கு வரைக்கும் இல்ல.

மெரெடித் வாலஸ் பக்கம் திரும்பினா. அப்புறம் மிஸ் அகஸ்டாகிட்டச் சொன்னா, "இவனை நான் எடுத்துக்கிறேன். இன்னிக்கே. ஏலத்துக்கெல்லாம் போக வேண்டாம். ஒரே ஒரு விஷயம், இந்தப் பொம்பளை இனிமே இவன் பக்கத்துல வரக் கூடாது. என் இடத்துக்குள்ள காலை வைக்கக் கூடாது."

"சரி"ன்னா மிஸ் அகஸ்டா. அவ்வளவு சுலபமா.

நான் வாலஸ் மேல இருந்து என் சேணத்தை அவுத்துக்கிட்டேன். அவன் முதுகு வேர்வையில நனைஞ்சிருந்துச்சு, துடைக்கப் போனேன். "விடு, நான் பார்த்துக்கிறேன்"னு மெரெடித் துணியைப் பிடுங்கிக்கிட்டா. வேலியாக் கட்டியிருந்த கயித்துக்கு இந்தப் பக்கம், பார்வையாளருங்க நிக்கிற இடத்துக்குப் போய் நின்னேன். எல்லாரும் ஒதுங்கி எனக்கு நிறைய இடம் விட்டாங்க.

மெரெடித்தோட டிரெய்லர்ல எல்சி முதல்ல ஏறிடுச்சு. வாலஸ் டிரெய்லர் பலகை முன்னாடி நின்னுட்டான். மெரெடித் ஒத்தைக் கையால தலைக்கயித்தை இழுத்தா. அவன் தலையைத் தூக்கிப் பின்னாடி போனான். இன்னும் இறுக்கினா. கண்ணு வெள்ளை தெரிய முன்னங்காலைத் தூக்கினான். கிளப்பு ஆள் ஒருத்தன் நீளச் சாட்டையை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வந்தான். மிஸ் அகஸ்டா அவன்கிட்ட என்னமோ சொல்லிச் சரின்னு தலையை ஆட்டினா.

பேசாம இருந்திருக்கலாம். நாலு அடி விழட்டும், இந்தக் குதிரையே வேண்டாம்னு அவ இங்கயே விட்டுட்டுப் போகட்டும்னு ஒரு மனசு சொல்லுச்சு. அந்த அஞ்சு நிமிஷ நிறுத்தத்துல பேசின அதே மனசுதான்.

"அவனை அடிக்காதீங்கடா!"ன்னு கத்தினேன். "மெரெடித்! கயித்தை விடு! பயமா இருந்தாலும் விடு! தொங்க விட்டுட்டு அவனைப் பார்க்காம நீ பாட்டுக்கு உள்ள நட!"

அவ என் பக்கம் திரும்பல. திரும்பவே இல்ல. முதுகு மட்டும் விறைச்சுது. அப்புறம் கையை மெல்லத் தாழ்த்தினா, கயிறு தரை வரைக்கும் தொங்குச்சு, அவ பாட்டுக்கு உள்ள நடந்தா.

வாலஸ் ஒரு பெருமூச்சு விட்டான். தலையைத் தாழ்த்திக்கிட்டு அவ பின்னாடியே ஏறிட்டான்.